நீ காலியாக விட்ட பொத்தான்கள்

தர்ஷினி,

போன மாதம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். "நான் கல்யாணம் பண்ணிட்டு தைப்பிங் போயிட்டா அப்பாவோட ஆப்பை யாரு பாத்துக்குவா?" அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டாய், ஆனால் பதில் சொல்ல வேண்டியவன் நான். பதிலும் என்னிடம் இருந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்பதற்குள் நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய், குழாயைத் திறந்துவிட்டாய், பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. எனக்கு இப்போதெல்லாம் அப்படித்தான் ஆகிறது. அதனால் எழுதுகிறேன். கைப்பேசியில், இடது கையின் ஒரு விரலால், நீ வெளியே போகும் நேரமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக. எழுதியதை அம்மா வாசித்துக் காட்டுகிறாள். தப்பான சொல் விழுந்திருந்தால் அவள் முகத்திலேயே தெரிந்துவிடும், உடனே திருத்திக்கொள்கிறேன். எழுதி முடித்ததும் நீ விரும்பினால் இதை உன் ஆப்பைப் பயன்படுத்தும் மற்றக் குடும்பங்களுக்கும் காட்டலாம். அவர்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருவர், பதிலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நான் பேசியே பிழைத்தவன் என்பது உனக்குத் தெரியும். யோங் பெங் பேருந்து நிறுத்தத்தில் டிக்கெட் கவுண்டரில் எத்தனை வருஷம் கத்தியிருப்பேன். கே.எல்., ஈப்போ, பினாங்கு, குவாந்தான் என்று நான் ஒரே மூச்சில் கூவினால் சாலைக்கு அந்தப் பக்கம் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரும் எழுந்து வருவார். தமிழில் கேட்டால் தமிழில், மலாயில் கேட்டால் மலாயில், சீனக் கிழவிகள் ஹொக்கியனில் கேட்டால் எனக்குத் தெரிந்த அரைகுறை ஹொக்கியனில். பல நேரம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். நீ சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில், பேருந்து வராத வெற்று நேரங்களில் உனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவேன். மழை, பழுதான கழிவறைக் குழாய், பையை மறந்துவிட்டுப் பேருந்தில் ஏறிய பையன், பக்கத்துக் கவுண்டர் ஆ ஹோக் கொண்டுவந்த பலகாரம், எல்லாம் அதில் இருக்கும். நீ "ஓகேப்பா" என்று ஒரு வரி எழுதுவாய். எனக்கு அது போதும். கேட்டாயா இல்லையா என்றுகூட நான் யோசித்ததில்லை.

பிறகு நீ அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாய். முன்னறை ஜன்னலோரம் மேசை போட்டாய். ஒரு கணினி, அதோடு இன்னொரு திரை, பக்கத்தில் பழைய கைப்பேசிகள் ஒரு வரிசை. எந்தக் கம்பெனியிலும் சேராமல் தனியாகவே ஆப் எழுதப் போகிறேன் என்றாய். எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் தடுக்கவும் தோன்றவில்லை. முதலில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் விளையாட்டு செய்தாய். அதை நானும் உன் அம்மாவும்தான் அதிகம் விளையாடினோம். அதற்கப்புறம் மீன் தொட்டி ஆப். தண்ணீர் எப்போது மாற்ற வேண்டும், எந்த மீனோடு எந்த மீனைச் சேர்க்கக் கூடாது என்று சொல்வது. இந்த வட்டாரத்தில் அலங்கார மீன் வளர்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதைப் பார்த்து அவர்களுக்காகத்தான் செய்தாய். ஆனால் பிரேசிலிலும் போலந்திலும் இருப்பவர்கள் அதை வாங்கினார்கள். போலந்துக்காரர் ஒருவர் தன் மீன் செத்துவிட்டது என்று உனக்கு எழுதியதும், நீ பாதிச் சோற்றில் எழுந்துபோய் அவருக்கு ஆறுதல் எழுதியதும் ஞாபகம் இருக்கிறது. என்ன வேலை இது என்று நான் சிரித்தேன். ஆனால் அந்த மீன்கள்தான் பிறகு இந்த வீட்டை ஓட்டின.

என் பேச்சு போன அந்தக் காலையில் நடந்ததை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வாய் வந்தபோது சொல்ல மனசு வரவில்லை. குவாந்தான் பேருந்து எங்கே நிற்கும் என்று ஓர் அம்மாள் கேட்டார். அந்தக் கோடியில், நீலக் கூரைக்குக் கீழே என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அப்புறம்" என்று வந்தது. அவர் மீதியைக் கேட்கக் காத்திருந்தார். அப்புறம் என்று ஒருவன் சொன்னால் யாராக இருந்தாலும் காத்திருக்கத்தானே செய்வார்கள். நான் மறுபடி சொன்னேன், மறுபடியும் "அப்புறம்". வலது கையில் இருந்த டிக்கெட் கத்தை கீழே விழுந்ததை ஏதோ வேறு ஆளுடைய கையிலிருந்து விழுவதைப் போலப் பார்த்தேன். ஆ ஹோக் எட்டிப் பார்த்தவன் என் வாயைப் பார்த்ததும் தன் கவுண்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தாங்கிக் காரில் ஏற்றினான். வழி நெடுக அவன் என்னென்னவோ சொல்லிக்கொண்டே ஓட்டினான். எனக்கு எல்லாம் புரிந்தது. அதுதான் முக்கியம், தர்ஷினி. எனக்கு எல்லாமே புரிந்தது. மருத்துவமனையில் டாக்டர் உங்களிடம் பக்கவாதம் என்று சொன்னது, அம்மா சுவரைப் பார்த்து நின்றது, நீ தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பெடுத்தது, எல்லாம். ஆனால் நான் எதைச் சொல்லப் போனாலும் வெளியே வந்தது அந்த ஒரு சொல்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். பசித்தால் அப்புறம். கோபம் வந்தால் அப்புறம். மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் அதுவும் அப்புறம். நீயும் அம்மாவும் என் குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டீர்கள். பாதி நேரம் சரியாகக் கண்டுபிடித்தீர்கள். மீதிப் பாதி நேரம் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் நீ முதல் ஆப்பைச் செய்தாய். சில நாளிலேயே செய்துவிட்டாய். ஏற்கெனவே கிடைக்கிற துண்டுகளைச் சேர்த்துத் தைத்தேன் என்று அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. திரையில் படம் போட்ட பொத்தான்கள். கிளாஸ் படத்தைத் தொட்டால், "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பதைப் போலச் சொல்லும். நீ என் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாய். உன் முகத்தில் அவ்வளவு ஆசை. நான் கைப்பேசியைத் தள்ளிவிட்டேன். அது பக்கத்தில் இருந்த ரசக் கிண்ணத்துக்குள் விழுந்தது. நீ எடுத்துத் துடைத்தாய். அப்பாவுக்கு ஆப் பிடிக்கவில்லை, கைப்பேசியைக் கண்டாலே எரிச்சல் வருகிறது என்று நினைத்துக்கொண்டாய். அது இல்லை. நான் என் வாழ்க்கையில் ஒருநாளும் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று சொன்னவன் இல்லை. யாரோ ஒரு பெண் என் வீட்டில் நின்று என் மனைவியிடம் எனக்காகத் தண்ணீர் கேட்டது என்னால் தாங்க முடியவில்லை. இதை உனக்கு எப்படிச் சொல்வது? அப்புறம், அப்புறம் என்று கத்தினேன். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நீ மீன் தொட்டிக்கே திரும்பிவிட்டாய். ஒரு மத்தியானம் சமையல்கட்டிலிருந்து என் குரல் கேட்டது. "சாப்பிட்டியா? இங்க மூணு நாளா பைப்புல தண்ணி இல்ல, நான் என்னாத்த செய்ய?" என்று நான் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தேன். அம்மா வெங்காயம் நறுக்கியபடி, உன் கைப்பேசியில் இருந்த என் பழைய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் குச்சியை ஊன்றி எழுந்து போய் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியை இழுத்து மறுபடி அழுத்தினேன். முடிந்ததும் மறுபடி. அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நான் திரையைத் தட்டித் தட்டி, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். நீ வாசலில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அப்பா, உங்க வாய்ஸ்லயே வேணுமா?" என்று கேட்டாய். நான் தலையாட்டிய ஆட்டலில் அடுப்புப் பக்கம் சாயப்போன என்னை அம்மா பிடித்துக்கொண்டாள்.

நீ அந்த மெசேஜ்களில் ஒன்றைக்கூட அழிக்காமல் வைத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சிங்கப்பூரில் ரயிலில் போகும்போது கேட்பேன் என்று பிறகு சொன்னாய். அடுத்த பல வாரங்கள் நான் உன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். என் வாழ்க்கையில் உன் வேலையை முதல்முறையாக அருகிலிருந்து பார்த்தது அப்போதுதான். என் குரல் திரையில் மலைத்தொடர் மாதிரி ஏறி இறங்கி நீளமாகக் கிடக்கும். நீ அதில் ஒரு மேட்டை மட்டும் வெட்டி எடுத்து ஓடவிடுவாய். "தண்ணி" என்று கேட்கும். இன்னொரு மேடு, "போதும்". இரைச்சலை நீக்கும் கருவி ஒன்றை ஓட்டிப் பார்த்தாய். பேருந்துச் சத்தம் போனது, கூடவே என் குரலின் சதையும் போய் எலும்பு மட்டும் நின்றது. சரி, பேருந்து இருக்கட்டும் என்று விட்டுவிட்டாய். அதனால்தான் இன்றைக்கும் நான் பசிக்குது என்றால் பின்னால் ஹார்ன் அடிக்கிறது. தண்ணி என்கிற சொல்லோ அந்தக் குழாய்ப் புலம்பலிலிருந்து வெட்டியது. நான் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டால் தண்ணீர் இலாகாவிடம் புகார் கொடுப்பதைப் போல இருக்கும். "வேணாம்" மட்டும் மூன்று பொத்தான் வைத்தாய். சாதாரண வேணாம், எரிச்சலான வேணாம், அம்மா இரண்டாம் முறை சோறு போட வரும்போது சொல்கிற வேணாம். மூன்றும் வேறு வேறு சொற்கள் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நான் மூன்றாவதை முதல்முறை அழுத்தியபோது அம்மா சிரித்த சிரிப்பில் கரண்டிச் சோறு மேசையில் கொட்டியது.

உன்னோடு அந்தக் கணினிக்குள் ஒரு ஆளும் வேலை செய்ததைப் பார்த்தேன். நீ இது வேண்டும் என்று எழுதினால் அது மளமளவென்று நிரலை எழுதிக் கொடுக்கும் கருவி. சில நேரம் அதைப் பாராட்டுவாய், பல நேரம் திட்டுவாய். "ஐயோ அலமாக், நான் என்ன கேட்டேன், நீ என்ன குடுக்கிற" என்று நீ அதனோடு சண்டை போடும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும். சொல்வதைப் புரியவைக்க முடியாமல் தவிப்பது நான் மட்டும் இல்லை என்ற நிம்மதி. ஆனால் அது எழுதிக் கொடுத்ததை நீ வரிவரியாகப் படித்துப் பார்க்காமல் ஒருநாளும் போட்டதில்லை. அதைக் கவனித்தேன். வேகமாகக் கிடைத்தாலும் படித்துத்தான் போடுவேன், ஏனென்றால் உடைந்தால் என் அப்பாவின் வாய்தானே உடையும் என்று அம்மாவிடம் சொன்னாய். உன் தொழிலில் நீ எவ்வளவு தூரம் போனாலும் இந்த ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே.

அப்புறம் ஒரு நாள் நீ சொற்பட்டியலை மேலும் கீழும் தேடிக்கொண்டே இருந்தாய். என்ன என்று அம்மா கேட்டாள். சில சொற்கள் கிடைக்கவே இல்லை என்றாய். அத்தனை மெசேஜிலும் அப்பா ஒருமுறைகூட "வலிக்குது" என்று சொல்லவில்லை. "பயமா இருக்கு" இல்லை. அம்மாவின் பெயர் இல்லை. "அம்மாகிட்ட சொல்லு", "உங்க அம்மா இருக்காளே" என்றுதான் எங்கும் இருந்தது, மீனா என்று ஓரிடத்திலும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு மனிதனின் சில வருஷப் பேச்சைக் கொட்டிச் சலித்துப் பார்த்தால் எது இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய். குரலின் மாதிரியைக் கொடுத்தால் அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேசுகிற கருவி ஒன்று இருந்தது. என் மெசேஜ்களை அதற்குக் கொடுத்தாய். மறுநாள் காலை என்னையும் அம்மாவையும் உட்கார வைத்து ஓடவிட்டாய். "எனக்கு வலிக்குது" என்று நான் சொன்னேன். அச்சு அசல் என் குரல். பின்னால் பேருந்துகூட இல்லை. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "இவரு எப்ப இப்படிச் சொன்னாரு?" என்று கேட்டாள். நீ என் பக்கம் திரும்பினாய்.

"அப்பா, இது உங்க குரல்தான். ஆனா நீங்க சொன்னது இல்ல. போடவா?"

இல்லை என்று தலையசைத்தேன். நீ ஏன் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது. இப்போது சொல்கிறேன். அது அவ்வளவு அழகாகச் சொன்னது. என்னால் ஒருநாளும் சொல்ல வராததை, தடுமாறாமல், வெட்கப்படாமல் சொன்னது. அது அங்கே உட்கார்ந்துவிட்டால் நான் இனி முயற்சி செய்யவே மாட்டேன் என்று பயந்தேன். நீ அதை அழித்தாய். அந்த இடங்களில் வெறும் சாம்பல் நிறப் பொத்தான்களை விட்டாய், மேலே எழுத்து மட்டும், தொட்டால் சத்தம் வராது. அவற்றுக்குக் கீழே சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி. அதை அழுத்திக்கொண்டு பேசினால் பதிவாகும். "அப்பாவுக்கு எப்ப வருதோ அப்ப போட்டுக்கலாம்" என்றாய். ஆப் செய்கிற ஒருத்தி வேலை செய்யாத பொத்தானைத் தெரிந்தே விட்டுவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இப்போது புரிகிறது. நீ எனக்குச் செய்தவற்றில் அதுதான் பெரிது.

எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு மலாய்ப் பெண்ணிடம் நீ ஆப்பைக் காட்டியபோது அவள் சாம்பல் பொத்தான்களைத்தான் முதலில் தொட்டாள். உதடு சேர்கிற சொல்லில் ஆரம்பிப்போம் என்றாள். அப்படித்தான் மீனாவில் ஆரம்பித்தோம். தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ம்ம்ம் என்று முனகுவேன். மீ வரும், னா வராது. னா வரும்போது மீ போய்விடும். சில நாள் "மீன்" என்று வந்து நிற்கும், எனக்குக் கோபம் வரும், நீ உடனே உன் மீன் தொட்டி ஆப்பைத் திறந்து காட்டுவாய், கோபம் போய்விடும். எத்தனை வாரம் ஆனதோ, ஒரு நாள் சிவப்புப் புள்ளியை அழுத்திக்கொண்டு சொன்னேன், அது பதிவானது. நீ சத்தத்தைக் கூட்டி வைத்து அந்தப் பொத்தானைத் தட்டினாய். அம்மா சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "யாரு கூப்பிட்டது?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் அவளையே பார்த்தோம். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு வெகுநேரம் அடுப்பில் ஏதோ தீய்ந்த வாடை வந்தது, யாரும் எழுந்து போகவில்லை.

"வலிக்குது" வர அதைவிட ரொம்ப நாள் ஆனது. எனக்கு அது அவசரமாகவும் இருந்தது என்பதை நீங்கள் அறியவில்லை. வலது தோள்பட்டை மூட்டு விலகியதைப் போல நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருந்தது. கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற தம்பி அதே கையைப் பிடித்து மேலே தூக்குவார். நான் அப்புறம் என்பேன். அவர் சரி, அப்புறம் செய்யலாம் என்று சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் தூக்குவார். கெட்டிக்காரப் பையன்தான், அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு காலை அவர் கையைத் தொட்டதும் நான் வாயைத் திறந்தேன். "வ... வலி... க்குது. தோளு." மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டீர்கள். அந்தத் தம்பி என் கையைக் கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பதைப் போல மடியில் வைத்துவிட்டு, "எவ்ளோ நாளா, அங்கிள்?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். நீ அழுததை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பிறகு ஊசி, வேறு விதமான பயிற்சி, தோளுக்கு ஒரு தாங்கி. வலி அடங்கிய அன்று நான் மத்தியானம் முழுக்கத் தூங்கினேன். ஒரு சொல் வெளியே வந்தால் உடம்பே இப்படி இறங்கிப்போகும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

அதன்பிறகு நீ இதை எல்லாருக்குமாகச் செய்து ஸ்டோரில் போட்டாய். தங்கள் வீட்டு ஆளின் பழைய குரலைத் தாங்களே வெட்டிப் போட்டுக்கொள்ளும்படி. சிம்பாங் ரெங்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம், கூச்சிங்கில் ஒருவர், அப்புறம் எங்கெங்கோ. எல்லாருக்கும் சாம்பல் பொத்தான்கள் உண்டு. கூச்சிங்காரர் தானும் நிரல் எழுதுகிறவராம், உன் நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியும் அனுப்பினார். நீ துள்ளிக்கொண்டு வந்து சொன்னாய். மீன் தொட்டிக்கு வராத சந்தோஷம் அது. அன்றைக்கே எனக்கு ஒன்று புரிந்தது. இனிமேல் இந்த ஆப்பை நீ ஒருத்தி மட்டும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. உனக்கு மட்டும் அது இன்னும் புரியவில்லை.

தைப்பிங்கில் உனக்குப் பேசி முடித்திருக்கும் பிரகாஷ் நல்ல பையன். உன் வேலையைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு கேட்கிறான், அது எனக்குப் பிடித்திருக்கிறது. நிச்சயம் பேசியபோது வருகிற ஆவணியில் முதல் முகூர்த்தம் என்று நீதான் சொன்னாய். பிறகு அது ஐப்பசிக்குப் போனது. பிறகு தைக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். கைப்பேசிகளுக்குப் புதிய சிஸ்டம் வரப்போகிறது, ஆப் உடைந்துவிடும், சரிபண்ண நான் பக்கத்தில் இருக்க வேண்டும். எனக்கு ஆப்பைப் பற்றித் தெரியாது என்று நினைக்கிறாயா? இத்தனை நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே. தைப்பிங்கில் நீ அனுப்பினாலும் அப்டேட் யோங் பெங்குக்கு வந்துசேரும். உனக்கு ஆப் ஒரு சாக்கு. என்னை விட்டுப் போகத்தான் உனக்குப் பயம்.

அதற்காக ஒரு விஷயம் சொல்கிறேன், நாங்கள் உன்னிடம் மறைத்தது. நீயும் அம்மாவின் தங்கையும் பிரகாஷ் வீட்டுக்குப் போயிருந்த வாரம், என் கைப்பேசி தானாகவே ஏதோ மாற்றிக்கொண்டது. மறுநாள் கிளினிக்கில் எனக்கு மருந்து வாங்க வேண்டிய நாள். அம்மா வண்டி நிறுத்த இடம் தேடிப் போனாள், நான் உள்ளே போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்து ஆப்பைத் தொட்டால் திறக்கவில்லை. வெள்ளைத் திரை. மறுபடி தொட்டேன், வெள்ளைத் திரை. பின்னால் நிறையப் பேர். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பெயரைக் கேட்டாள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. நான் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டேன். மூச்சை இழுத்தேன். பெயர் வந்தது, பாதிப் பாதியாக. அடையாள அட்டை எண்ணை நடுவில் தவறவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். "பெலான்-பெலான், பக்சிக்" என்றாள் அவள், மெதுவாகச் சொல்லுங்கள் மாமா என்று. பின்னால் யாரும் உச்சுக்கொட்டவில்லை. எண் முடிந்ததும், கேட்காமலேயே, "ரத்தக் கொதிப்பு மாத்திரை... தீந்துபோச்சு" என்பதையும் மலாயில் சேர்த்துச் சொன்னேன். அது பொத்தானில் இல்லாத வாக்கியம். அம்மா ஓடிவந்து பார்த்தபோது நான் மருந்துப் பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எப்படி என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் நம்பவில்லை, கவுண்டர்ப் பெண்ணிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சொன்னால் நீ அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவாய். இரண்டு நாள் கழித்து நீ வந்து பார்த்துவிட்டு, ஐயோ ஆப் திறக்கவில்லையே, எப்படிச் சமாளித்தீர்கள் என்று பதறி உடனே சரிசெய்தாய். நாங்கள் ஒன்றும் தெரியாததைப் போலத் தேத்தண்ணி குடித்தோம். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு லேசாக இருந்தது என்று உனக்குச் சொல்ல இன்றுவரை சரியான சொல் கிடைக்கவில்லை. பேச்சு முழுசாக வந்துவிட்டது என்று சொல்லவில்லை. வரவும் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். களைத்துப்போனால், காய்ச்சல் வந்தால் எனக்கு இன்னும் உன் பொத்தான்கள் வேண்டும். அவை என்னோடு இருக்கட்டும். ஆனால் அவை என்னோடு இருக்க நீ இந்த ஜன்னலோரத்தில் இருக்க வேண்டியதில்லை. அங்கேயும் ஜன்னல் இருக்கும். உனக்குச் செய்யத் தோன்றுகிற அடுத்த ஆப்பை அங்கே உட்கார்ந்து செய். யாருக்காகவும் இல்லாமல் சும்மா ஆசைக்கு ஒன்று செய். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டைத் திரும்ப எடு, அதில் கொம்பு வைத்த எழுத்துகள் எனக்கு இன்னும் சரியாக நகரவில்லை.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். நேற்றுக் காலை நீ பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தபோது பிரகாஷின் அப்பாவுக்குப் போன் செய்தேன். ஆப்பில் இல்லை, வாயால். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஆனால் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை, நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் ஹலோ என்றதும் எனக்கு எல்லாம் ஓடிப்போய்விட்டது. அந்தப் பக்கம் அவர் பேசாமல் இருந்தார். நான் யார் என்று அவருக்கு எண்ணைப் பார்த்தே தெரிந்திருக்கும். எனக்காக அவரே பேசி முடித்திருக்கலாம், செய்யவில்லை. அவர் வீட்டுச் சேவல் கூவுவதைக் கேட்டுக்கொண்டு நான் சொற்களைத் தேடினேன்.

"சம்பந்தி... தேதி... எம்பொண்ணு... முதல்ல சொன்ன தேதி. ஆவணி. அதையே... வச்சிக்கலாம்."

பிறகு, "நீங்க போன் பண்ணுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல, சம்பந்தி. பொண்ணு மனசு சரியாகட்டும்னுதான் காத்திருந்தோம்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. மண்டபம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நான் சரி என்றேன். அந்தச் சரி ஒரே மூச்சில் வந்தது.

உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று கோபம் வரும். அது நீயே சொன்ன தேதிதான், நான் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவே. உனக்கு உண்மையிலேயே வேண்டாம் என்றால் நீயே அவருக்குப் போன் பண்ணி மாற்றிக்கொள். நான் மறுபடி பண்ண மாட்டேன். அந்த ஒரு அழைப்புக்குப் பிறகு மத்தியானம் வரை எனக்கு வாயே திறக்கவில்லை, அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் உனக்குப் புடவை எடுக்க எப்போது போகலாம் என்று என்னைக் கேட்டாள். சனிக்கிழமை என்றேன். அம்மா ஏற்கெனவே கடைக்காரியிடம் சொல்லி வைத்துவிட்டாள். நீயும் வருகிறாய், நானும் வருகிறேன். எது நன்றாக இருக்கிறது, எது நன்றாக இல்லை என்று இந்த முறை நான் சொல்வேன், கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

அப்பா